கௌலா ஆற்றில் மூன்று நாள்: கைட் வேணுமா?

கேள்வி: ஒஸ்லோவில் இருக்கிறேன். வேலையிடத்து நோர்வேக்காரர் இரண்டு பேர் யூலை முதல் கிழமை, ட்ரொண்ட்ஹைம் பக்கத்துக் கௌலா ஆற்றுக்கு சால்மன் பிடிக்கப் போகிறார்கள். மூன்று நாள். என்னையும் கூப்பிடுகிறார்கள். ஊரில் கரைத்தூண்டில் போட்ட கைதான் எனக்கு. ஃபிளை தூண்டிலைத் தொட்டதேயில்லை. கைட், அதாவது கூடவந்து வழிகாட்டுகிற ஆள், அவருடைய கூலி நாளுக்குச் சில ஆயிரம் குரோணர் வருமாம். வீண்செலவா? என்னென்ன வாங்கவேணும்? மீன் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

பதில்: "கிடைத்தால்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். சால்மன் ஆற்றில் மூன்று நாளும் வெறுங்கையோடு திரும்புவது ஒன்றும் அதிசயமில்லை. பத்துப் பதினைந்து வருஷம் பழகினவர்களுக்கும் அப்படித்தான். கடலில் தின்று கொழுத்து முட்டையிட ஆற்றுக்குள் ஏறும் சால்மன், நன்னீருக்கு வந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். ஊரில் நீங்கள் இறால் குத்திப் போட்டது பசியிருந்த மீனுக்கு. இங்கே பசியே இல்லாத மீனின் மூக்குக்கு முன்னால், ஃபிளை என்கிற, இறகும் மயிரும் வைத்துக் கட்டின ஒரு கொக்கியைக் கடக்கவிட்டு அதைச் சீண்டவேணும். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த நேரத்தில் சீண்டுவது என்பதைத் தண்ணீர்தான் சொல்லும். அந்தத் தண்ணீரை வாசிக்கிற ஆளுக்குத்தான் கூலி.

கௌலாவில் மின்சார அணை இல்லை. மலையில் பனி உருகினாலும் நல்ல மழை பெய்தாலும் மளமளவென்று ஏறும், அதே வேகத்தில் இறங்கும். பெருகிக் கலங்கி ஓடும்போது தூண்டில் போட்டு அவ்வளவு பிரயோசனமில்லை. இறங்கத் தொடங்குகிற நேரத்துக்காகத்தான் எல்லாரும் காவலிருப்பார்கள்.

என் முதற்பயணத்தில் கைட் என்னை ஆற்றில் இறங்கவே விடவில்லை. தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு சுள்ளியைக் குத்திவிட்டு வந்து, கப்பஹூக்கில் நெருப்பு மூட்டி, கரிபிடித்த கேத்தலில் கோப்பி வைத்தார். ஒரு பக்கம் திறந்த மரக்கொட்டிலைத்தான் இங்கே கப்பஹூக் என்பார்கள். பல மடுக்களின் கரையில் ஒன்று இருக்கும். காசு கரைகிறதே என்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் போய்ப் பார்த்தால், சுள்ளிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரலகலத்துக்கு ஈரக்கல் தெரிந்தது. "இப்ப இறங்கு" என்றார். நான் தனியே போயிருந்தால் அந்த ஒரு மணித்தியாலமும் தண்ணீரை அடித்துக் கலக்கிக் களைத்திருப்பேன்.

ஆகவே என் கணக்கு இது. மூன்று நாளுக்கும் கைட் வேண்டாம். முதல் நாளுக்கு மட்டும் வையுங்கள், அதுவும் உங்களுக்கென்று தனியாக. நண்பர்கள் பழகினவர்கள் என்றால் மிச்ச இரண்டு நாளும் அவர்கள் போதும். போவதற்கு முன் ஒஸ்லோவிலேயே ஒரு பின்னேரம் எறியப் பழகிவிட்டுப் போங்கள். புல்தரையில், கொக்கிக்குப் பதில் ஒரு துண்டு கம்பளிநூலைக் கட்டிப் பழகினால்கூடக் காணும். கைட்டின் பாதி நாளை எறியப் பழகுவதிலேயே செலவழித்தால் அதுதான் வீண்செலவு.

சாமான் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பதின்மூன்று பதினான்கு அடி நீளத்தில், இரண்டு கையாலும் பிடிக்கிற தடிதான் அங்கே பாவிப்பார்கள், எட்டாம் அல்லது ஒன்பதாம் இலக்கக் கயிற்றோடு. பின்னால் மரம் நிற்கிற கரையில் கயிற்றைப் பின்னுக்கு வீச இடமிராது; அதைத் தண்ணீரில் ஊன்றி முன்னுக்குச் சுண்டிவிடுகிற ஸ்பே எறிதலுக்கு இந்த நீளம் வேணும். தடி, றீல், வேடர்ஸ் என்கிற, மார்புவரை வரும் தண்ணீர் புகாத காற்சட்டை எல்லாம் வாடகைக்குக் கேளுங்கள், பல கைட்மாரிடம் இருக்கும். சொந்தமாக வாங்கவேண்டியது மூன்று: கம்பளி உள்ளுடுப்பு, க்நொட் என்கிற பொடிக்கொசுவுக்குப் பூசும் மருந்து, கண்ணாடி. கண்ணாடி கட்டாயம். காற்றடிக்கிற நாளில் கொக்கி எங்கே போகும் என்று எறிந்தவனுக்கே தெரியாது. வேடர்ஸின் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டாமல் ஓர் அடியும் எடுத்துவைக்காதீர்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்புவதைத் தடுப்பது அதுதான்.

மடுவுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. மேல்முனையில் இறங்கவேணும். கீழ்நோக்கி நாற்பத்தைந்து பாகை சரிவாக எறிந்து, ஃபிளை ஆற்றைக் குறுக்கே கடந்து கரைப்பக்கம் வந்து நிற்கும்வரை பொறுத்து, பிறகு இரண்டு எட்டு கீழே நடந்து அடுத்த எறிதல். மீன் அங்கேதான் நிற்கிறது என்று தோன்றினாலும் ஒரே இடத்தில் நின்று அடிக்கக்கூடாது, பின்னால் வருகிறவர் காத்திருப்பார். இன்னொருவருக்குக் கீழே போய் இறங்குவது, பஸ் வரிசையில் இடையில் புகுந்தது மாதிரி. ஒருவரும் சத்தம் போடமாட்டார்கள், ஆனால் அந்தப் பார்வையே போதும்.

இனி, ஊர்க்கை செய்கிற பெரிய பிழை. கடித்ததும் தடியைச் சுண்டி இழுப்பது. அன்று இறங்கினபின் எனக்கும் அதுதான் நடந்தது. கயிறு கனத்தது, பழக்கத்தில் தடியைத் தூக்கினேன், தங்கூசி தளர்ந்தது, அவ்வளவுதான். சால்மன் ஃபிளையை வாயில் எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பும். அது திரும்புகிறபோதுதான் கொக்கி வாய்மூலையில் மாட்டும். றீலில் இருந்து கயிறு ஓடத் தொடங்கும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் இந்த விளையாட்டிலேயே கஷ்டம்.

யூலை முதல் கிழமையில் அங்கே இரவு இருட்டாது. நல்ல மீன்பிடி பெரும்பாலும் இரவில்தான், ஆகவே மதியம் படுத்து எழும்பப் பழகுங்கள். இன்னொன்று, நண்பர்கள் எடுத்த ஆற்றுத்துண்டு கௌல்ஃபொஸ்ஸனுக்கு மேலேயா கீழேயா என்று கேளுங்கள். அந்த ஒடுங்கின பாய்ச்சலைக் குளிர்ந்த பெருவெள்ளத்தில் சால்மனால் ஏறமுடியாது. யூனில் மீனெல்லாம் அதற்குக் கீழே நெரிபட்டு நிற்கும், ஆறு இறங்கிச் சூடேறினபின்தான் மேலே போகும். பனி பிந்தி உருகுகிற வருஷத்தில் யூலைத் தொடக்கத்திலும் இது செல்லும்.

மீனை வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றி: எத்தனை வைத்துக்கொள்ளலாம், எந்த அளவு மீனை விடவேணும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், நடுப்பருவத்திலும் மாறும். 2024இல் கடலில் இருந்து திரும்பின மீன் மிகக் குறைந்ததால் யூன் 23 தொடக்கம் 33 ஆறுகளைச் சுற்றாடல் இயக்குநரகம் மூடியது. கௌலாவும் அதில் ஒன்று. ஆகவே முற்பணம் கட்டுவதற்கு முன் "ஆறு மூடினால் காசு திரும்புமா?" என்று எழுத்தில் கேட்டுவையுங்கள். மீனை விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றி, தலை நீரோட்டத்தை எதிர்த்திருக்கப் பிடித்துக்கொள்ளுங்கள். தானே உதறிக்கொண்டு போகும். படம் எடுக்கவென்று கரைக்கல்லில் போடாதீர்கள். தண்ணீர் இருபது பாகையைத் தொடுகிற நாளில் நான் தூண்டிலே போடமாட்டேன், விட்ட மீன் பிழைப்பதும் சந்தேகம். ஐஸ்பெட்டியைக் காரில் வையுங்கள், ஆனால் குழம்புக்கு மீனை வழியில் கடையில் வாங்குவதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கடதாசி வேலை. பதினெட்டு வயது தாண்டினவர்கள் அரசுக்கு வருடாந்த மீன்பிடிக் கட்டணம் கட்டவேணும். ஆற்றுத்துண்டுக்கான ஃபிஸ்கெகூர்ட் என்கிற மீன்பிடி அனுமதிச்சீட்டு வேறு. அது காணிக்காரருக்குப் போகும். மூன்றாவது, தொற்றுநீக்கச் சான்று. கிரொடாக்டிலஸ் என்கிற பொடி ஒட்டுண்ணி எழுபதுகளில் சுவீடனில் இருந்து கொண்டுவந்த குஞ்சுமீனோடு நோர்வேக்குள் வந்தது. சால்மன் குஞ்சில் ஒட்டி ஆற்றையே காலியாக்கும். ஒழிக்கவேணுமென்றால் சில இடங்களில் ஆறு முழுவதற்கும் மருந்தடித்து, இருக்கிற மீனையெல்லாம் கொன்றுதான் திரும்பத் தொடங்கினார்கள். ஒஸ்லோவுக்குக் கிட்ட, டிராமன் பக்கத்து ஆறுகளில் இது பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒஸ்லோ நண்பர்களின் வேடர்ஸ் கடைசியாக நனைந்தது அங்கேயாகவும் இருக்கலாம். தடி, கயிறு, வலை, சப்பாத்து எல்லாவற்றையும் கௌலாக் கரையில் உள்ள தொற்றுநீக்க நிலையத்தில் கொடுத்துச் சான்றுத்துண்டு வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள். அந்தத் துண்டு இல்லையென்றால் நீங்கள் கூலி கொடுத்துப் பிடித்த கைட்டே உங்களைத் தண்ணீரில் கால்வைக்க விடமாட்டார்.