சுட்டும் வலிக்காத கால்

கேள்வி: தங்கை கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டபோது சீடை வெடித்து, எண்ணெய் என் முன்கையில் தெறித்துவிட்டது. மூன்று நாளாகிறது. புளியங்கொட்டை அளவில் இரண்டு கொப்புளம், தொட்டால் எரிகிறது. டூத் பேஸ்ட் தடவினேன். ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாமா? தழும்பு நிற்குமா? கொப்புள நீர் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. அன்றைக்கே எங்கள் அப்பத்தா காலிலும் வடிகஞ்சி கொட்டிவிட்டது. 20 வருடமாகச் சர்க்கரை உள்ளவர். நல்லவேளை, வலியே இல்லை என்கிறார்.
- வாசகி, தேவகோட்டை

பதில்: அப்பத்தாவை இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கல்யாண வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் கைக்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் 'நல்லவேளை' என்று எழுதிய இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. மேல்தோல் மட்டும் வெந்தால் எரியும், சிவக்கும். அதற்குச் சற்றுக் கீழே வரை வெந்தால் கொப்புளம் போடும், காற்றுப் பட்டாலே உயிர் போகும். அந்த வலியைச் சொல்கிற நரம்பு நுனிகள் தோலின் கீழடுக்கில் இருக்கின்றன. சூடு அதுவரை இறங்கி நரம்பையும் வேகவைத்துவிட்டால், அப்புறம் வலியைச் சொல்ல அங்கே ஆளில்லை. 70 டிகிரி வெந்நீரே ஒரு நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும். அப்போதுதான் வடித்த கஞ்சி அதைவிடச் சூடு. வெந்நீர் போல வழிந்தோடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். 20 வருடச் சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்திருக்கும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் உச்சிவெயிலில் முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நின்று வற்றல் காயவைத்துவிட்டு, ராத்திரி படுக்கப்போகும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்க்கிற பெரியவர்கள் உண்டு. சுட்டது அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது. அப்பத்தா விஷயத்தில் இரண்டில் எது என்று வீட்டில் வைத்து ஆராய வேண்டாம். இரண்டுமே ஆபத்துதான். சர்க்கரைக் காலில் ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும், புண் ஆறச் சுணங்கும், கிருமி புகுந்தால் எலும்பு வரைக்கும் போகும். விரலை எடுக்க வேண்டிய நிலையில் கொண்டுவரப்படுகிற பலருக்கு ஆரம்பம் இப்படி ஒரு சின்னப் புண்தான். 'வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டோம்' என்று வீட்டார் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கிளம்புவதற்கு முன் காலை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் விடாதீர்கள். வெந்த இடம் வெள்ளையாகவோ, மெழுகு பூசியது போலவோ, பழுப்பேறித் தோல் செருப்பு மாதிரி விறைத்தோ இருந்தால் ஆழமான காயம். சிவப்பாக இருந்தாலும் கூட்டிப்போகத்தான் வேண்டும். எதையும் தடவாமல், துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கை. கொப்புளம் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது. அந்த எரிச்சல் நல்ல சேதி, நரம்பு பிழைத்திருக்கிறது. கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அதில் இருப்பது உங்கள் ரத்தத்திலிருந்தே ஊறி வந்த நீர்தான். அது ரத்தத்தில் கலந்தால் உயிர் போகும் என்பது சுத்தப் பொய். அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்க்காதீர்கள். மூடியிருக்கும் தோல்தான் இப்போது உங்களுக்கு இருப்பதிலேயே நல்ல கட்டு. தானாக உடைந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவி, ஒட்டாத துணிக்கட்டுப் போட்டால் போதும். இப்படிப்பட்ட காயம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும், தழும்பும் நிற்காது. நம் நிறத்துக்குச் சில மாதம் கருமை தெரியும், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மங்கிவிடும். மூன்று நாளைக்கு அப்புறமும் வலி கூடிக்கொண்டே போனாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தாலோ மட்டும் காட்டுங்கள்.

டூத் பேஸ்டை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை. அது சூட்டை எடுக்காது, வெந்த தோலை இன்னும் எரிக்கும். வருகிறவர்களுக்கு அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடிகிறது. சுரண்டும்போது அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. பேனா மை, தோசை மாவு, மஞ்சள், வெண்ணெய், முட்டை வெள்ளை எல்லாம் அதே கதைதான். ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது, வெந்த தோலுக்கு ரத்தம் வருவதையே அது குறைத்துவிடும். சுட்ட உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: வீக்கம் வருமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். இரண்டு நிமிடம் காட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடினால் பயனில்லை. குழாயில் தண்ணீர் வராத நேரமென்றால் அண்டாவிலிருந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு.

அப்பத்தா வர மறுப்பார். கல்யாண வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சா என்பார், வலிக்கவே இல்லையே என்பார். வலிக்காததால்தான் அப்பத்தா போகிறோம் என்று சொல்லிக் காரில் ஏற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் அவசரப் பிரிவில் பார்ப்பார்கள்.