பொறாமைப்படாமல் மற்ற பெண்களிடமிருந்து தினசரி உத்வேகம் பெறுவது எப்படி?

இந்தக் கேள்வி இரண்டு நாளாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். "பிரபலங்களைச் சொல்லாதீர்கள், அக்கம்பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வருகிறது" என்று நீங்கள் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். கொக்கி வைக்க வேண்டிய ஜாக்கெட் நாலு மடியில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

நீங்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறீர்கள், குழந்தை தூங்கும் நேரத்தில் போனைப் பார்க்கிறீர்கள், கூடப் படித்தவள் புது கார் முன்னால் நின்று சிரிக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். ஆனால் பொறாமையே படாமல் எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாமே பொறாமையில்தான் ஆரம்பித்தது. அதுவும் ஒரு மீன்காரம்மாவைப் பார்த்து.

எங்களுக்குக் கடலூர், புதுப்பாளையம் பக்கம். என் வீட்டுக்காரர் முன்பு பண்ருட்டி பக்கத்தில் முந்திரித் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் வந்தது. மறுநாள் அவர் போய்ப் பார்த்தபோது தோப்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, மரமெல்லாம் வேரோடு படுத்திருந்தது. புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடமாகும். அதுவும் மரம் நிலத்துக்காரருடையது, அதில் கொடுத்திருந்த முன்பணம் மட்டும்தான் எங்களுடையது. அப்புறம் என்ன, கல்யாணத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட தையலைத் தூசி தட்டி, முன்னறையில் மிஷினைப் போட்டேன்.

எனக்குத் தைக்க வந்தது. காசு கேட்கத்தான் வரவில்லை. "எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டால் "நீங்களே பாத்துக் குடுங்க" என்பேன். இந்த ஒரு வார்த்தையால் நான் இழந்த பணத்தைக் கூட்டினால் ஒரு பவர் மிஷின் வாங்கியிருக்கலாம். பார்த்துக் கொடுங்கள் என்றால் எல்லாரும் பார்ப்பார்கள், கொடுக்க மாட்டார்கள். என் ஓர்ப்படி வீட்டுக் கல்யாணத்துக்குப் பதினோரு ஜாக்கெட் தைத்தேன், அதில் ஐந்து லைனிங் வைத்தது, இரண்டுக்குப் பைப்பிங். லைனிங் துணிகூட என் காசு. கல்யாணம் முடிந்து ஒரு தூக்கில் லட்டும் முறுக்கும் வந்தது. "நம்ம வீட்டுப் பொண்ணு, காசு குடுத்தா கோச்சிக்குவா" என்று சொல்லி அனுப்பினார்களாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? லட்டில் முந்திரி நிறைய போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து வேறு அழுகை வந்தது.

இனி மீன்காரம்மா. தேவனாம்பட்டினத்துக்காரர். விடிகாலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் வந்து, ஏழரை மணிக்கெல்லாம் எங்கள் தெருவில் அன்னக்கூடையை இறக்கிவிடுவார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு நாள் நான் திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டின் அக்குள் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் சங்கரா மீனைக் காட்டி விலை கேட்டார்.

"கிலோ நானூறு."

"நானூறா? மார்க்கெட்ல முந்நூறுக்குத் தரான்."

நானாக இருந்தால் இந்த இடத்தில் பத்து காரணம் அடுக்கியிருப்பேன். ஏலத்திலேயே ஏறிவிட்டது, ஆட்டோ கூலி, ஐஸ் விலை, உங்களுக்காக வேண்டுமானால் முந்நூற்றைம்பது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. வேறு யாருக்கோ எடுத்து வைத்திருந்த மீனை எடுத்து, அருவாமனையில் வாலிலிருந்து தலைப் பக்கமாகச் செதிலைச் சீவ ஆரம்பித்துவிட்டார். ஒரு மீன் முடிந்தது. கழுவி வைத்தார். இரண்டாவது மீன். செதில் தெறித்து என் திண்ணைப் படி வரைக்கும் வந்து விழுந்தது. இரண்டாவது மீனின் செவுளை அவர் இழுத்தெடுக்கும்போது எதிர்வீட்டுப் பெண், "சரி, அரை கிலோ போடுங்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே. இந்த அம்மாவால் முடிகிறது, பன்னிரண்டாவது வரை படித்த என்னால் ஏன் முடியவில்லை?

அன்றிலிருந்து அவரைக் கவனிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீன்தான், விலை எகிறிவிடும். அப்போதும் விலையை மட்டும்தான் சொல்வார், விளக்கம் கிடையாது. இன்னொன்றையும் பார்த்தேன். மீன் சரியில்லாத நாளில் என் வாசலில் நிற்கவே மாட்டார். "இன்னிக்கி வாணாம்மா, ஐஸு மீனு" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நல்லதில்லை என்றால் தானே வேண்டாம் என்கிற ஆளிடம், நல்லது என்று சொல்லும் நாளில் எப்படிப் பேரம் பேசுவது?

நானும் முயற்சி செய்தேன். முதலில் மாட்டியவர் பட்டு ஜாக்கெட் கொண்டுவந்த ஒரு டீச்சர். "லைனிங்கோட முந்நூத்தம்பது" என்றேன். சொல்லி முடித்ததும் நாக்கு துடிக்கிறது, "உங்களுக்குன்னா முந்நூறு" என்று வந்து நிற்கிறது. சட்டென்று இரண்டு குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டேன். தையல்காரி வாயில் ஊசி இருந்தால் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், "வெள்ளிக்கிழமை கிடைக்குமா?" என்றார். அவ்வளவுதான். இதற்கா நான் இத்தனை வருடம் பயந்தேன் என்று இருந்தது. இன்றைக்கும் விலை சொல்லும்போது என் வாயில் குண்டூசி இருக்கும். கூடவே ஒரு விதியும் வைத்துக்கொண்டேன்: என் தப்பால் அக்குள் பிடித்தால், கழுத்து இறங்கினால், பிரித்துத் தைக்கக் காசு கிடையாது.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் நின்றுபோனார்கள். ஓர்ப்படி ஒரு தீபாவளி வரைக்கும் பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது "உழைக்கும் பெண்ணின் கஷ்டத்தை அழகாக்கிக் காட்டுகிறீர்கள்" என்று வரப்போகிறீர்கள், தெரியும். அவர் தெய்வம் என்று நான் சொல்லவில்லை. தராசில் அவர் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அதில் அவருக்கு என்ன போனது என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை. நான் பார்த்தது அவர் விலை சொல்வதை மட்டும்தான்.

"நம்ம ஊர் அஞ்சலையம்மாளைச் சொல்லக்கூடாதா?" என்றும் கேட்பீர்கள். 1890-ல் இதே கடலூர் முதுநகரில் பிறந்த சுதந்திரப் போராட்ட வீராங்கனை. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றச் சொல்லி 1927-ல் நடந்த போராட்டத்துக்குச் சின்னப் பெண்ணான மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைக்குப் போனவர், பின்னால் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 2024-ல் ஒரு கட்சி மாநாட்டில் கட்அவுட் வைத்த பிறகுதான் நம் ஆட்களிலேயே பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரிந்தது, அது தனிக் கதை. பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் ஒருத்தர் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு "அடுத்த மாசம் தரேன்" என்று கிளம்பும்போது அஞ்சலையம்மாளை நினைத்தால் எனக்கு என்னவோ கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு தடவை என்னையும் மகளிர் தின விழாவுக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, சுயதொழில் சாதனைப் பெண் என்று டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். மேடையை விட்டு இறங்குவதற்குள் அமைப்பாளர் அம்மா, "அடுத்த வருஷம் கமிட்டிக்கு ஒரே மாதிரி ஜாக்கெட், பன்னெண்டு வேணும், நீங்க சேவையா செஞ்சி குடுத்துடுங்க" என்றார். பையில் குண்டூசி இல்லாமல் போனது என் துரதிர்ஷ்டம். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தைப்பவர்களின் பிழைப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மே கடைசி, ஜூன் என்றால் யூனிஃபார்ம் தைத்தே வருடத்துக்கான மூச்சு வாங்கிக்கொள்வோம். அரசுப் பள்ளிச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் பெண்கள் தைக்கிறார்கள், அங்கே நம் மாதிரிப் பெண்களுக்குக் கூலியாவது போகிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் தைத்த உடுப்பையே பள்ளியில் விற்கிறார்கள், வெளியில் தைக்கக் கூடாதாம். பிள்ளைக்கு இடுப்பு நிற்காது, தோள் தொங்கும். அதைப் பிடித்துக் கொடுக்க மட்டும் என்னிடம் வருவார்கள், முப்பது ரூபாய்க்கு. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

இன்னொருத்தரைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா, தோசை ஊற்றினால் முதல் தோசையைத் தானே எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்காரருக்கு ஊற்றுவார். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. அது இன்னும் எனக்குக் கைவரவில்லை, என் மாமியார் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

போன தையில் மீன்காரம்மாவே துணியோடு வந்தார். பேத்தி கல்யாணம், இரண்டு ஜாக்கெட், லைனிங் வைத்து. நான் இவரிடம்தான் கற்றேன் என்பது அவருக்குத் தெரியாது. விலை கேட்டார்.

"ஒண்ணு நானூறு," என்றேன்.

"முந்நூறு வெச்சிக்கோம்மா, நம்ம ஆளு."

குண்டூசியைக் கவ்வினேன். அவரும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அளவு ஜாக்கெட்டை விரித்து, டேப்பை வைத்து, மார்பு அளவு, கை நீளம், முதுகு என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன். கழுத்து இறக்கம் எழுதும்போது சுருக்குப்பையை அவிழ்த்து நூறு ரூபாய்த் தாளாக எட்டு எண்ணி மிஷின் மேல் வைத்தார். தாளெல்லாம் மீன் வாசம்.

அடுத்த வாரம் சங்கரா கிலோவுக்கு நாற்பது ரூபாய் ஏறியிருந்தது. எப்போதும் மேலே அள்ளிப் போடும் நெத்திலியையும் போடவில்லை. நான் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.