பழைய பாக்ஸ்டருக்கு கிளட்ச் போட எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். வீடு வேலூர், ஆம்பூரில் ஷூ பாகங்கள் செய்யும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2003 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று இருக்கிறது, மேனுவல் கியர், ஆர்.சி. 2028 வரை. கொஞ்ச நாளாகக் காலையில் இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்கிறது, ஓட ஓடச் சரியாகிவிடுகிறது. காட்பாடி டிராஃபிக்கில் நின்று நின்று போனால் பெடல் கனமாகி, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம். சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸைப் பிரிக்கணும், கிளட்சோடு சேர்த்து நாலரை லட்சம் என்றார்கள். எஃப்.டி. 6 லட்சம் இருக்கிறது, அதில் 4 லட்சம் ஜூன் மாதம் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு. பர்சனல் லோன் 14 சதவீதத்துக்குக் கிடைக்கும். எஃப்.டி.யை உடைக்கவா, லோன் போடவா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். காருக்கு என்ன கோளாறு என்றே இன்னும் யாரும் பார்க்கவில்லையே சார், அதற்குள் பணம் எங்கிருந்து என்று ஏன் யோசிக்க வேண்டும்?

நீங்கள் எழுதியதில் ஒன்றல்ல, இரண்டு கோளாறு தெரிகிறது. இரண்டாவது கியர் காலையில் மட்டும் அடம் பிடித்து, சூடானதும் விழுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கியர் ஆயிலை. பழைய ஆயிலாகவோ தவறான கிரேடாகவோ இருந்தால் அப்படித்தான் இருக்கும். புது ஆயில் ஊற்றியும் அந்த ஒரு கியர் மட்டும் உரசினால் அப்புறம் சின்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ வேகத்தைச் சமன்படுத்தும் வளையம், தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் ரிவர்ஸ் கரகரப்பது வேறு கதை. பெடலை முழுசாக மிதித்தும் கிளட்ச் முழுசாக விடவில்லை என்பதற்கான அடையாளம் அது. இந்த காரில் கிளட்ச் ஹைட்ராலிக், அதாவது பெடலின் அழுத்தம் ஃப்ளூயிட் வழியாகப் போகிறது, பிரேக்குக்கும் அதற்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஃப்ளூயிட் போகிறது. அந்த ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள், பில் இருக்கிறதா? கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்தாலும், லைனில் காற்று புகுந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

வீட்டு வாசலிலேயே ஒன்று செய்து பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போடுங்கள், அப்புறம் ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு கிளட்ச் பக்கம். அணைத்திருக்கும்போதும் இறுக்கம் என்றால் கியர் கேபிள், அதன் புஷ், லிங்கேஜ் பக்கம் போக வேண்டும். தேய்மானத்துக்கு இன்னொரு சோதனை: பள்ளிகொண்டா டோல் தாண்டி ரோடு காலியாக இருக்கும்போது டாப் கியரில் 60-இல் போய் ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் எகிறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் டிஸ்க் போய்விட்டது. பெடல் கனமாவதைப் பார்த்தால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் களைத்திருக்கலாம். ஆக, கிளட்ச் செலவு வரத்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவு வருமா என்பதுதான் சந்தேகம். முதலில் ஆயிலையும் ஃப்ளூயிட்டையும் மாற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள், நாலரை லட்சத்தோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு.

இப்போது பணத்துக்கு வருவோம். நாலரை லட்சத்தை 14 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் இஎம்ஐ சுமார் 15,380, வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். ஆம்பூரில் ஆர்டர் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது, உங்களுக்குத் தெரியாததா? ஃபீஸ் பணமான 4 லட்சத்தில் கை வைக்காதீர்கள், அதில் பேச்சே இல்லை. மிச்சம் 2 லட்சம், காருக்கு அதுதான் உச்சவரம்பு. அதையும் எஃப்.டி.யை உடைத்து எடுக்க வேண்டாம், உடைத்தால் பல வங்கிகளில் அபராதமாக வட்டியில் பிடித்துக்கொள்வார்கள். எஃப்.டி.யை அடமானமாக வைத்து அதன் மேலேயே ஓவர்டிராஃப்ட் கடன் கேளுங்கள், பொதுவாக எஃப்.டி. வட்டியைவிட ஒன்று இரண்டு சதவீதம்தான் கூடுதல், எஃப்.டி.யும் தன் பாட்டுக்கு வட்டி போட்டுக்கொண்டிருக்கும். ஜூனில் ஃபீஸுக்கு எஃப்.டி.யை முடிக்கும்போது எடுத்த கடனைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், அதனால்தான் 2 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்கிறேன்.

கிளட்ச் மாற்றுவது உறுதியானால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். இந்த வேலைக்கு கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும், கூலியில் பெரும்பகுதி அந்த இறக்கி ஏற்றுவதற்குத்தான். டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே போடுங்கள், கிளட்ச் பொருந்தும் இன்ஜின் சக்கரமான டூயல் மாஸ் ஃப்ளைவீலை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். 2003 மாடலில் ஐ.எம்.எஸ். பேரிங் என்று இன்ஜினுக்குள் ஒன்று உண்டு, அது உடைந்தால் இன்ஜினே போய்விடும். ஃப்ளைவீலைக் கழற்றியதும் அந்த பேரிங்கை மாற்ற வழி கிடைக்கும், முன்பே மாற்றியிருக்கிறார்களா என்று பழைய பில்களில் தேடுங்கள். இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள், தேய்மானத்துக்கு அதில் ஒரு பைசா வராது.

இதையெல்லாம் கூட்டினால் 2 லட்சம் தாண்டுகிறதா? அப்படியானால் விற்பதே மேல் என்பது என் கருத்து, ரிப்பேர் செய்துவிட்டு அல்ல, இருக்கிற நிலையில், கோளாறை மறைக்காமல் சொல்லி. இன்னொரு கணக்கையும் மறந்துவிடாதீர்கள்: 20 வருடம் தாண்டிய இறக்குமதி காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 80,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், 2028-இல் அது உங்கள் வாசலுக்கு வரும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்பதால் விற்றதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. காரை யூனிட் கணக்கில் காட்டித் தேய்மானம் கழித்திருந்தால் மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விற்கலாம்.