மாமாவின் யூரின் பேக்: எதை வாங்குவது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆற்றோரக் கிராமம் எங்களுக்கு. என் மாமாவுக்கு (கணவரின் அப்பா) 74 வயது. புரோஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்டதால் டியூப் போட்டிருக்கிறார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, அந்த மாத்திரைகளை இப்போது நிறுத்த முடியாது, ஆபரேஷனுக்கு இன்னும் சில மாதம் பொறுக்கணும் என்றார்கள். மெடிக்கலில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பையைத் தருகிறார்கள், விலையும் வேறுவேறு. எதை வாங்குவது, எத்தனை நாளைக்கு ஒருதடவை மாற்றுவது? தினமும் கழற்றி டெட்டால் போட்டுக் கழுவி மாட்டுகிறேன், அப்படியும் மூத்திரம் கலங்கலாகத்தான் வருகிறது. மாமா ஆற்றுக்குக் குளிக்கப் போகணும் என்று தினமும் கேட்கிறார். போகலாமா?

பதில்: முதலில் ஒன்று அம்மா, இன்றைக்கே செய்யுங்கள். தினமும் கழற்றிக் கழுவுவதை நிறுத்திவிடுங்கள். மாமாவைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் செய்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது, ஆனால் கிருமிக்கு நாம் வாசல் திறந்துவிடுவதே அந்த இடத்தில்தான். உள்ளே சிறுநீர்ப்பையில் இருந்து வரும் டியூப்பும் வெளியே தொங்கும் பையின் குழாயும் சேருகிற இணைப்பு இருக்கிறதே, அது மூடியே இருக்கிற வரைக்கும் வெளிக்கிருமி உள்ளே போக வழி குறைவு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நம் விரல், காற்று, துணி எல்லாம் அந்த வாயில் படுகிறது, அங்கிருந்து நேராகச் சிறுநீர்ப்பைக்குப் பாதை. டெட்டால் மிச்சம் உள்ளே நின்றால் எரிச்சல் வேறு.

(சிறுநீர்ப்பை என்றால் வயிற்றுக்குள் இருப்பது. குழப்பம் வராமல் இருக்க, வெளியே தொங்குவதை யூரின் பேக் அல்லது பை என்றே சொல்கிறேன். சில கடைகளில் யூரோபேக் என்பார்கள்.)

சரி, எதை வாங்குவது. மாமாவுக்கு இரண்டு வகை தேவைப்படும். படுக்கைக்கு 2 லிட்டர் பை, நடமாட்டத்துக்கு தொடையிலோ முழங்காலுக்குக் கீழோ கட்டிக்கொள்கிற சின்னப் பை, 500 முதல் 750 மில்லி வரை பிடிக்கும், லெக் பேக் என்று கேளுங்கள். சின்ன ஊர் மெடிக்கலில் பெரும்பாலும் இருக்காது, சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள், இல்லையென்றால் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். பெரிய பையை வாங்கும்போது உறையைப் பிரிக்காமலே மூன்று விஷயம் பாருங்கள். உறை கிழியாமல், ஸ்டெரைல் என்று போட்டு, காலாவதித் தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். அடியில் திறந்து மூடுகிற குழாய் இருக்க வேண்டும், அது இல்லாத பையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஏனென்றால் அதைக் காலி செய்ய மேல் இணைப்பைக் கழற்றித்தான் ஆகணும். மூன்றாவது, திரும்பி ஓடாத வால்வு. குழாய் பைக்குள் நுழைகிற இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு மாதிரி ஒன்று இருக்கும், இறங்கின மூத்திரம் மறுபடி மேலே ஏறாமல் அது தடுக்கும். நான்-ரிட்டர்ன் வால்வு என்று உறையிலேயே எழுதியிருப்பார்கள். வால்வு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். அடுத்த தடவை பையை மாற்றிய பிறகு, பழைய பையில் கொஞ்சம் மூத்திரம் இருக்கும்போதே தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். குழாய் வழியாகத் திரும்பி வந்தால் அந்தக் கம்பெனிப் பையை அடுத்து வாங்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, கடைக்காரர் சொல்ல மாட்டார். அடிக்குழாய் உங்கள் வீட்டில் யார் கைக்குத் தோதாக இருக்கிறது என்பது. பகலில் நீங்கள் வேலைக்கோ வயலுக்கோ போய்விட்டால் அத்தைதானே காலி செய்வார்கள்? முட்டு வலியும் விரல் பிடிப்பும் உள்ளவர்களுக்கு திருகுகிற மூடி சிரமம், இழுத்துத் தள்ளுகிற டி வடிவக் குழாய் சுலபம். அப்புறம் குழாயின் நீளம். கட்டிலில் புரண்டு படுத்தாலும் இழுபடாத அளவுக்கு நீளம் வேண்டும், தரையில் வளையம் வளையமாகக் கிடக்கிற அளவுக்கு வேண்டாம், ஏனென்றால் தொங்குகிற வளைவில் மூத்திரம் தேங்கி ஓட்டத்தை மறிக்கும்.

எத்தனை நாளைக்கு ஒருதடவை என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் 5 முதல் 7 நாளைக்கு ஒருமுறை பையை மாற்றச் சொல்வது வழக்கம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ நாள்கணக்கு வைத்து மாற்ற வேண்டியதில்லை, அடைப்பு, தொற்று, இணைப்பு விட்டுப்போவது மாதிரி காரணம் இருந்தால் மாற்றுங்கள் என்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது, வாரத்துக்கு ஒருநாள், அது ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நடுவில் ஒழுகினாலோ, நாற்றம் வந்தாலோ, உள்ளே உப்புப் படிந்தாலோ, இணைப்பு தானாகக் கழன்று விழுந்தாலோ அன்றைக்கே புதுசு. டியூப் மாற்றும்போது பையும் சேர்த்து மாற்றியே ஆகணும். மாற்றும்போது சோப்பால் கைகழுவி, புதுப் பையின் மூடியைக் கடைசி நிமிஷத்தில் எடுத்து, நுனியை எதிலும் படாமல் மாட்டுங்கள்.

லெக் பேக் கட்டினால் ராத்திரி என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். அதைக் கழற்ற வேண்டாம். லெக் பேக்கின் அடிக்குழாயிலேயே ராத்திரிப் பையின் குழாயை மாட்டி, அடிக்குழாயைத் திறந்துவிடுங்கள், மூத்திரம் சின்னப் பை வழியாகப் பெரிய பைக்கு இறங்கிவிடும். காலையில் அடியை மூடிவிட்டுப் பெரிய பையை மட்டும் எடுத்தால் போதும். மேல் இணைப்பு ஏழு நாளும் தொடப்படாமல் இருக்கும். ராத்திரிப் பையைத் தினமும் புதுசாகப் போட வசதி இருந்தால் நல்லது, இல்லாத வீட்டில் அந்த ஒரு பையை மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசி, ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து 20 நிமிஷம் வைத்து, கவிழ்த்துக் காயப்போட்டு, நுனியை மூடிவைத்துப் பயன்படுத்தலாம். கழுவுவதற்கு நான் இடம் கொடுப்பது இங்கே மட்டும்தான்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் உண்டு. என் அப்பாவுக்குக் கடைசி வருஷம் டியூப் இருந்தது, ஊரில் இருந்து பாளையங்கோட்டைக்குக் காரில் கூட்டிவரும்போது, தொங்கினால் மிதிபடுமே என்று நானே பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன், ஒன்றரை மணி நேரம். அன்று ராத்திரி குளிர்காய்ச்சல், நான்கு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பயணம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் மருத்துவம் படித்த நான் அன்று அதைச் செய்திருக்கக்கூடாது. அதனால் ஆட்டோவில், பஸ்ஸில் ஏறும் முன்னால் பையைக் காலி செய்யுங்கள், உட்கார்ந்ததும் முழங்கால் உயரத்துக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். இருசக்கர வண்டியில் தொங்கு பையோடு கூட்டிப் போகவே வேண்டாம், சக்கரத்தில் சிக்கினால் டியூப்போடு இழுத்துவிடும்.

கீழே என்றால் தரையிலும் இல்லை. நம் வீட்டு நார்க்கட்டிலில் பையை மாட்டக் கம்பி இருக்காது, பெரும்பாலும் தரையில் கிடத்திவிடுகிறார்கள். சுத்தமான பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கட்டிலோரம் வைத்து அதன் விளிம்பில் பையின் கொக்கியை மாட்டுங்கள், பை வாளிக்குள் தொங்கும், தரை படாது. டியூப்பைத் தொடையில் பிளாஸ்திரி போட்டுக் கொஞ்சம் தொய்வு விட்டு ஒட்டிவையுங்கள், ஒரே இடத்தில் ஒட்டாமல் தொடை மாற்றி மாற்றி. இல்லையென்றால் பையின் கனம் முழுக்க டியூப்பை இழுக்கும். 2 லிட்டர் பை என்பதற்காக 2 லிட்டர் நிரம்பக் காத்திருக்காதீர்கள், முக்கால் பங்குக்கு முன்னாலேயே, பகலில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை காலி செய்யுங்கள். அதற்கென்று தனியாக ஒரு மக், அடிக்குழாய் அந்த மக்கின் மேல் படக்கூடாது, முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கைகழுவணும். அளவைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தால், டாக்டரிடம் போகும்போது அது பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

கலங்கல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தேவையில்லாமல் மாத்திரை வாங்கிக் கொடுப்பது இதற்காகத்தான். டியூப் போட்ட ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லோருடைய மூத்திரத்திலும் கிருமி இருக்கும். கிருமி இருப்பது வேறு, தொற்று நோயாவது வேறு. மூத்திரம் கலங்கினது, வாடை வந்தது என்பதற்காக மட்டும் பரிசோதனை செய்து ஆன்டிபயாடிக் போட்டால், கிருமி போகாது, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும், பிறகு ஆபரேஷன் சமயத்தில் உண்மையாகத் தேவைப்படும்போது மருந்து கேட்காமல் போகலாம். காய்ச்சல், நடுக்கம், விலாவிலோ அடிவயிற்றிலோ வலி, திடீரென்று ஆள் குழம்பிப் பேசுவது, அளவுக்கு மீறிய சோர்வு, இதில் ஏதாவது வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அப்போதும் பையில் இருந்து மூத்திரம் எடுத்து லேபில் கொடுக்காதீர்கள், பழைய டியூப்பை மாற்றிப் புது டியூப் வழியாக வருவதைத்தான் எடுக்கச் சொல்லுங்கள்.

மணல் மாதிரி வெள்ளையாகப் படிகிறதென்றால் அது உப்பு, நாளாவட்டத்தில் டியூப்பை அடைக்கும். தண்ணீர் போதாததும் ஒரு காரணம். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் வேர்வையிலேயே பாதி போய்விடும், ஆனால் மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் எவ்வளவு குடிக்கலாம் என்று இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், தடை இல்லையென்றால் மூத்திரம் இளமஞ்சளாக வரும் அளவுக்குக் குடிக்கட்டும். மலச்சிக்கல் வரவிடாதீர்கள், நிறைந்த குடல் டியூப்பை நெருக்கும். பை ஊதா நிறமாக மாறினால் பயந்துவிடாதீர்கள், மலச்சிக்கல் உள்ளவர்களுக்குச் சில கிருமிகளால் அப்படி நிறம் மாறுவது உண்டு, டாக்டரிடம் காட்டினால் போதும்.

மூத்திரம் திடீரென்று நின்றுவிட்டால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று மணி நேரம் வரவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். மாமா சாப்பிடும் ஸ்டென்ட் மாத்திரை ரத்தத்தை எளிதில் உறையவிடாது, அதனால் மூத்திரம் லேசாகச் சிவப்பது உண்டு. கட்டி கட்டியாக ரத்தம் வந்தால் அவசரம். எந்த நிலையிலும் ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டியூப்பை இழுக்காதீர்கள், உள்ளே நுனியில் தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கிறது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இப்போது இருப்பது சாதா ரப்பர் டியூப்பா, சிலிக்கானா? மாதக்கணக்கில் இருக்கப்போகிறதென்றால் சிலிக்கான் 12 வாரம் வரை தாங்கும், ரப்பரை அதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது, டாம்சுலோசின் மாதிரி, மூத்திரப் பாதையைத் தளர்த்துகிற மாத்திரை கொடுத்துவிட்டு டியூப்பை எடுத்துப் பார்த்தார்களா? பலருக்கு அதற்குப் பிறகு தானாகவே மூத்திரம் போகும், அப்படிப் போய்விட்டால் பையே தேவையில்லை. மூன்றாவது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள், ஒவ்வொரு தடவையும் மாமாவை அலைக்கழிக்க வேண்டாம்.

கழிக்கும் பையைக் காலி செய்து காகிதத்தில் சுற்றிக் குப்பை எடுக்க வருகிறவர்களிடம் தனியாகக் கொடுங்கள். எரிக்கவும் வேண்டாம், கால்வாயில் போடவும் வேண்டாம், கீழே அந்தத் தண்ணீரை யாரோ குடிக்கிறார்கள்.

இனி ஆறு. தாமிரபரணிக் கரையிலேயே பிறந்து வளர்ந்து எழுபது வருஷம் முங்கிக் குளித்தவரிடம் வாளித் தண்ணீரில் குளி என்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் டியூப் இருக்கிற வரை முங்குவது வேண்டாம். வீட்டில் தினமும் தாராளமாக ஊற்றிக் குளிக்கலாம், பையைக் கழற்றாமலே. டியூப் நுழையும் இடத்தை சோப்பும் தண்ணீரும் வைத்து உடம்பில் இருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், டெட்டால், பவுடர் எதுவும் வேண்டாம். முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவினால் மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும், விட்டுவிட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும். சாயங்காலம் லெக் பேக்கைத் தொடையில் கட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, படித்துறைக்குக் கூட்டிப் போங்கள், மேல்படியில் உட்கார்ந்து கணுக்கால் வரை நனைக்கட்டும். பாசி வழுக்கும், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் விழுந்தால் ரத்தம் சீக்கிரத்தில் நிற்காது, அதனால் உங்கள் கணவர் கூடவே கையைப் பிடித்துக்கொள்ளட்டும், கிளம்பும் முன் பையைக் காலி செய்துவிடுங்கள்.