26 வயதில் ராடாவுக்குக் கடிதம் எழுதியவர்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

மகளுக்கு மருந்தாளர் படிப்பில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் மனதைத் தேற்றிக்கொண்டு கிராபிக் டிசைனுக்குச் சம்மதித்தீர்கள். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. இப்போது அவள் அதுவும் வேண்டாம், நாடகப் பள்ளிக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். கேட்டால் ஆலன் ரிக்மனை இழுக்கிறாள். "ஹாரி பாட்டரில் ஸ்நேப்பாக வந்தவர்கூட டிசைனை விட்டுவிட்டுத்தான் நடிக்கப் போனார்" என்கிறாளாம். இந்த வாதத்துக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. ரிக்மன் டிசைனை விட்டது உண்மைதான். அதற்கு முன்னால் அதைப் படித்து முடித்தார், அதில் வேலையும் பார்த்தார். அந்தப் பாதியை அவள் விழுங்கிவிட்டாள். நீங்களும் சேர்ந்து கொண்டாட வேண்டாம், மிச்சக் கதையில் உங்களுக்கு உறைக்கிற இடங்களும் இருக்கின்றன.

ரிக்மன் பிறந்தது 1946 பிப்ரவரியில், மேற்கு லண்டனில் ஆக்டனில். நீங்கள் இருக்கும் ஹாரோவிலிருந்து பக்கம்தான். தொழிலாளர் குடும்பம், நான்கு பிள்ளைகளில் இரண்டாமவர். அவருக்கு எட்டு வயதானபோது அப்பா புற்றுநோயில் இறந்துபோனார். உள்ளூராட்சி வாடகைக்குக் கொடுக்கும் கவுன்சில் வீட்டில், தபால் துறையில் வேலை பார்த்து, அம்மாதான் நான்கு பேரையும் வளர்த்தார். உதவித்தொகை கிடைத்ததால் லாட்டிமர் அப்பர் பள்ளிக்குப் போக முடிந்தது. நாடக ஆசை அங்கேயே பிடித்துவிட்டது. ஆனால் 18 வயதில் நாடகப் பள்ளிக்குப் போவதை யாரும் புத்திசாலித்தனமாக நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. பின்னாளில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். கை வரைந்தது, கையை நம்பிப் போனார். 1965-இல் செல்சி ஓவியக் கல்லூரி, அடுத்து ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட். அதன்பின் நண்பர்களோடு சேர்ந்து கிராபிட்டி என்ற பெயரில் ஒரு டிசைன் ஸ்டுடியோ. செல்சியில் படித்த காலத்தில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவிலும் சேர்ந்திருந்தார். அதாவது ஆசையைப் பூட்டி வைக்கவில்லை, அதைச் சாயங்கால வேலையாக வைத்திருந்தார்.

பிறகு 26 வயதில் ராடாவுக்கு, அதாவது ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட்டுக்கு, ஆடிஷன் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். இடம் கிடைத்தது. 1972 முதல் 1974 வரை அங்கே படித்தார், பரிசுகளோடு வெளியே வந்தார். ஓடிக்கொண்டிருந்த தொழிலை நிறுத்திவிட்டுப் போனதால் கையில் காசில்லை. அந்த நாட்களில் செலவுக்காக அவர் பார்த்த வேலையை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். நடிகர்கள் நைஜல் ஹாதார்னுக்கும் சர் ரால்ஃப் ரிச்சர்ட்ஸனுக்கும் அவர் டிரெஸ்ஸராக இருந்தார். நாடகத்தில் டிரெஸ்ஸர் என்றால் நடிகரின் உடுப்புகளைத் தேய்த்து மாட்டி வைக்க வேண்டும், காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே இருட்டில் நின்று கோட்டை மாற்றிவிட வேண்டும், கழற்றிப் போட்டதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்தவர் இதைச் செய்தார். ரிச்சர்ட்ஸன் அந்தத் தலைமுறையின் பெரிய மேடை நடிகர்களில் ஒருவர். அவரை அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்கிற வாய்ப்புக்குச் சம்பளமும் கொடுத்தார்கள் என்று எடுத்துக்கொண்டால், அது ஒன்றும் மோசமான பகுதிநேர வேலை இல்லை.

சரி, ராடா முடிந்தது. உடனே சினிமாவா? இல்லை. இங்கேதான் பிள்ளைகள் கதையை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். 1974-க்குப் பிறகு பத்துப் பதினோரு ஆண்டுகள் அவர் பெயர் வெளியுலகத்துக்குத் தெரியாது. ஊர் ஊராக ரெப்பர்ட்டரி அரங்குகளில் நடித்தார். ஒரே குழு, இன்றைக்கு ஒரு நாடகம், பகலில் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை, வாரக் கூலி. பிரிட்டிஷ் நடிகர்களில் அந்தத் தலைமுறை முழுவதுமே இப்படித்தான் தொழில் கற்றது. 1978-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற பெரிய நாடகக் குழுவில் சேர்ந்தார், ஒரு வருடம் போல இருந்துவிட்டு வெளியே வந்தார். லண்டனில் சின்ன அரங்குகளில் புது நாடகங்கள் செய்தார். 1982-இல் பிபிசி தொடர் ஒன்றில் ஒபடையா ஸ்லோப் என்ற வழுக்கலான பாதிரியாராக வந்தபோதுதான் ஜனங்கள் கொஞ்சம் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது வயது 36.

1985-இல் மீண்டும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி. 'லே லியேசோன் தாஞ்செரஸ்' நாடகத்தில் வால்மோன்ட் பாத்திரம். ஸ்ட்ராட்ஃபோர்டின் சின்ன அரங்கில் தொடங்கிய நாடகம் லண்டனுக்கு வந்தது, 1987-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போனது, அமெரிக்க நாடகத்துக்கான டோனி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரையானது. பிறகு அதே கதை படமானபோது வால்மோன்ட் வேடம் ஜான் மால்கோவிச்சுக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகள் உடம்பில் சுமந்த பாத்திரம். நடிப்புத் தொழிலில் இதற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. இதை மகளிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். "அநியாயம்" என்று கத்தினால் பரவாயில்லை. "அப்புறம் என்ன செய்தார்?" என்று கேட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் செய்ததுதான் 'டை ஹார்ட்'. 1988-இல் வெளிவந்த அந்தப் படம்தான் அவருடைய முதல் சினிமா. வயது 42. பிராட்வே மேடையில் அவரைப் பார்த்துத்தான் தேடிப் பிடித்தார்கள். அந்தப் படத்தில் ஒரு சின்னச் சங்கதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் வில்லன், கட்டடத்தைக் கைப்பற்றும் கூட்டத்தின் தலைவன். வழக்கமான ஆயுதக் குழு உடுப்பு போட வைத்திருந்தார்கள். இவர் தயாரிப்பாளர் ஜோயல் சில்வருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: இந்த ஆள் சூட் போட்டிருந்தால், கதாநாயகனிடம் மாட்டும்போது தானும் பிணைக்கைதிதான் என்று நடித்து ஏமாற்றலாமே? யோசனை திரைக்கதைக்குள் போய்விட்டது. படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சிகளில் அதுவும் ஒன்று. உடுப்பு என்ன சொல்கிறது, பார்க்கிறவர் கண் எதை நம்பும் என்று யோசிப்பது ஒரு டிசைனரின் மூளை. அவர் செல்சியில் கழித்த ஆண்டுகள் வீணாகப் போகவில்லை. பிற்காலத்தில் அவர் எழுதி வந்த நாட்குறிப்புகள் 2022-இல் புத்தகமாக வந்தபோதும், பக்கங்களில் வண்ணப் படங்கள் வரைந்திருந்தது தெரிந்தது. கை மறக்கவில்லை.

மிச்சத்தை மகளே உங்களுக்குச் சொல்வாள்: 'ராபின் ஹூட்' படத்துக்கு பாஃப்டா, ரஸ்புடினாக நடித்ததற்கு எம்மியும் கோல்டன் குளோபும், 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்களில் ஸ்நேப், இரண்டு படங்களின் இயக்கம். ஆஸ்கருக்கு ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. 2016 ஜனவரியில் புற்றுநோயில் இறந்தார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை. 19 வயதில் அந்த அமெச்சூர் குழுவில் சந்தித்த ரீமா ஹார்ட்டனோடுதான் கடைசிவரை வாழ்ந்தார். ரீமா பொருளாதார விரிவுரையாளர். 1977 முதல் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவருக்கு வாரக் கூலி, அதுவும் நிச்சயமில்லை என்ற வீட்டில் இன்னொருவருக்கு மாதச் சம்பளம் வந்தால் அடுப்பு எரியும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். "டிகிரியை முடிக்கட்டும், பிறகு வேண்டுமானால் நாடகப் பள்ளிக்குப் போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, ரிக்மன் பாதையும் அதுதான். ஆனால் அவர் படித்த காலத்தில் இந்நாட்டில் முதல் பட்டப்படிப்புக்குக் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவுக்கான உதவித்தொகையையும் உள்ளூராட்சியே கொடுத்தது. இன்று கட்டணம் ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல், அது ஸ்டூடண்ட் லோனாக ஏறுகிறது. அதைவிட முக்கியமாக, ஒரு பி.ஏ.வுக்கு லோன் எடுத்து முடித்தவருக்கு இரண்டாவதாக இன்னொரு பி.ஏ. படிக்க இங்கிலாந்தில் பொதுவாக லோன் கிடைப்பதில்லை. டிசைனில் பி.ஏ. முடித்துவிட்டு நாடகப் பள்ளியில் மூன்று வருட பி.ஏ.வுக்குப் போனால் முழுச் செலவும் உங்கள் கைக்காசு. இந்த விதிகளை அரசு மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் விண்ணப்பிக்கிற ஆண்டில் மாணவர் கடனைக் கொடுக்கும் ஸ்டூடண்ட் ஃபைனான்ஸின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாவது வழி உண்டு. லண்டனிலும் வெளியிலும் பல நாடகப் பள்ளிகள் பட்டதாரிகளுக்கென்றே நடிப்பில் எம்.ஏ. நடத்துகின்றன. அதற்கு முதுநிலை லோன் தனியாகக் கிடைக்கும், மொத்தம் 12,000 பவுண்டுக்கு மேல். கட்டணம் அதைவிட அதிகமாக இருப்பதுதான் வழக்கம், வாழ்க்கைச் செலவு வேறு. ஆகவே "டிகிரி முதலில்" என்பது உங்கள் முடிவானால், அந்த எம்.ஏ.வுக்கான பணத்தை இன்றைக்கே மனதில் ஒதுக்கிவிட்டுச் சொல்லுங்கள். அப்படி ஒதுக்காமல் சொன்னால் அது "வேண்டாம்" என்பதைத் தள்ளிப்போட்டுச் சொல்வது. பிள்ளைகளுக்கு அது நன்றாகப் புரியும்.

என் யோசனை இது. அவள் ஆடிஷனுக்குப் போகட்டும். டிசைன் இடத்தை இப்போதே விட்டுவிடச் சொல்லாதீர்கள், அவளையும் விட விடாதீர்கள். ராடா போன்ற பள்ளிகள் நேரடியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன, பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கவனிக்கும் யூகாஸ் வழியாகக் கிடைத்த இடத்தை அது தொடாது. இந்த ஆண்டுக்கான தேதி முடிந்திருந்தால், டிசைன் இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். முதல் சுற்றில் பெரும்பாலும் இரண்டு தனி வசனங்கள் கேட்பார்கள். ஒன்று ஷேக்ஸ்பியர் காலத்து நாடகம், மற்றது இக்காலத்தது, ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். அதைத் தாண்டினால் மறுபடி மறுபடி அழைத்துப் பார்ப்பார்கள். ராடாவின் பி.ஏ. வகுப்பில் முப்பது பேர்கூட இல்லை, விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். முதல் தடவையில் கிடைக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் பேசாதீர்கள், முக்கியமாக விருந்துக்கு வருகிற மாமாமார். அடுத்த ஆண்டு திரும்பப் போகலாம், 26 வயதிலும் போகலாம்.

இடம் கிடைத்துவிட்டால் விடுங்கள், போகட்டும். அவளுக்கு அது முதல் பட்டப்படிப்பு, லோன் முழுதாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் டிசைனுக்குப் போகட்டும், அங்கே மாணவர் நாடகக் குழு இருந்தால் அதிலும் சேரட்டும். நேஷனல் யூத் தியேட்டர் என்ற இளைஞர் நாடகக் குழு 25 வயது வரைக்கும் பிள்ளைகளைச் சேர்க்கிறது, அங்கேயும் முயலலாம். மேடைக்கும் மேடைக்கும் நடுவில் வேலையில்லாத மாதங்கள் எல்லா நடிகருக்கும் வரும். அப்போது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் ஒன்று கையில் இருப்பது பெரிய காரியம், டிசைன் அதற்குத் தோதானது. மருந்தகத்திலும் பகுதிநேர ஷிப்ட் உண்டுதான், ஆனால் அந்தப் பேச்சை இப்போது கிளற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நடிப்பு என்றதும் 'ஏஜென்சி' என்று சொல்லிக்கொண்டு பதிவுக் கட்டணம், போட்டோ ஆல்பம் கட்டணம் என்று முன்பணம் கேட்பவர்கள் வருவார்கள். உண்மையான ஏஜென்ட் வேலை வாங்கிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில்தான் கமிஷன் எடுப்பார். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்நாட்டு நடிகர் சங்கமான ஈக்விட்டிக்கு மாணவர் உறுப்பினர் வசதி இருக்கிறது. நாடகப் பள்ளியில் சேர்ந்தால் அதையும் எடுத்து வைக்கட்டும், சந்தேகம் வந்தால் கேட்க ஒரு இடம் இருக்கும்.

இந்த வாரம் இரண்டு காரியம் நடக்கட்டும். அவள் மூன்று நாடகப் பள்ளிகளின் விண்ணப்பத் தேதி, ஆடிஷன் கட்டணம் உண்டா இல்லையா, கட்டணத் தள்ளுபடி கிடைக்குமா என்பதை எழுதி உங்களிடம் தரட்டும். நீங்கள் பேங்க் கணக்கைப் பார்த்து, எம்.ஏ.வுக்கு எவ்வளவு போட முடியும் என்று ஒரு தொகையை அவளிடம் சொல்லுங்கள். கூட்டியோ குறைத்தோ சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு இருவருமாக எனக்குப் போன் செய்யுங்கள், அவளையும் லைனில் வைத்துக்கொண்டே பேசுவோம்.