மானைக் கலைக்காமல் பிளைண்ட் போடுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன், நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள். அதற்குள் பிளைண்ட், அதாவது வேட்டைக்காரர் மறைந்து உட்காரும் கூடாரம் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. பெரும்பாலானவர்கள் கூடாரத்தை எப்படி மறைப்பது என்றுதான் கேட்கிறார்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எந்த வழியாகத் திரும்புகிறீர்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பவை அதைவிட முக்கியம். கீழே உள்ள பதில்கள் எல்லாமே சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

துணி பிளைண்ட் வாங்கியிருக்கிறேன். சீசனுக்கு முதல் நாள் கொண்டுபோய் வைத்தால் போதுமா?

வேண்டாம். வெள்ளைவால் மான் தன் இடத்தை அங்குலம் அங்குலமாக அறிந்து வைத்திருக்கும். நேற்று இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி இன்று நின்றால் கிழட்டுப் பெண் மான் கண்டிப்பாக நின்று பார்க்கும். சொந்த நிலம், அல்லது உரிமையாளர் அனுமதித்த நிலம் என்றால் ஆகஸ்டிலேயே வைத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் வீட்டு முற்றத்தில் விரித்துப் போட்டுப் புதுத்துணி வாடை போகவிடுங்கள்.

வைக்கப் போகும் நேரம் நடுப்பகலாக இருக்கட்டும். மான்கள் அப்போது படுத்திருக்கும். கொஞ்சம் காற்று வீசும் நாள், அல்லது மழைக்கு முந்தைய மதியம் கிடைத்தால் இன்னும் நல்லது. காற்று உங்கள் சத்தத்தை விழுங்கும், மழை உங்கள் வாடையைக் கழுவும். பண்ணை நிலமாக இருந்தால் டிராக்டரிலோ வண்டியிலோ கூடாரம் வைக்கும் இடம்வரை போய் இறங்குங்கள். டிராக்டர் சத்தம் மானுக்குப் பழகிய சத்தம். மனிதன் நடந்து வருவதுதான் அதற்குப் பழகாதது.

பொது நிலத்தில் பிளைண்டை இரவில் விட்டுவரலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் எதையும் செய்யாதீர்கள்.

அண்ணா, கிளையெல்லாம் வெட்டிச் சொருகி அருமையாக மறைத்தேன். வாடை நீக்கும் ஸ்பிரேயும் அடித்தேன். ஆனாலும் மான் தூரத்திலேயே சீறிவிட்டு ஓடுகிறது. எங்கே தப்பு?

காற்றில். மான் கண்ணால் சந்தேகப்படும், மூக்கால் முடிவு செய்யும். கண்ணுக்கு ஏதோ தட்டுப்பட்டால் நின்று பார்த்து, சில நேரம் சமாதானமாகிவிடும். மனித வாடை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் அதன்பின் பேச்சுக்கே இடமில்லை. ஸ்பிரே கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதை நம்பித் தவறான காற்றில் உட்காராதீர்கள்.

முதலில் மான் எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தடத்தில்தான் உங்களுக்கு வேலை. படுக்கும் புதருக்குப் பக்கத்திலேயே பிளைண்ட் வைத்தால் போகும்போதே கலைத்துவிடுவீர்கள். உங்களிடமிருந்து போகும் காற்று, மான் வராத பக்கமாகப் போகவேண்டும்: ஒரு ஏரி, நெடுஞ்சாலை, அறுத்து முடித்த வெட்டவெளி, இப்படி ஏதாவது.

தென்மேற்கு விஸ்கான்சின் மாதிரி குன்றும் பள்ளமுமான இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. காலை வெயில் சரிவில் பட்டதும் காற்று சூடாகி மேலே ஏறும். மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். வானிலைச் செயலி வடமேற்குக் காற்று என்று காட்டிக்கொண்டிருக்கும், உங்கள் வாடையோ சத்தமில்லாமல் ஓடைக்கரை வழியே மான் நிற்கும் இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் காற்றில்லாத மாலையில் பள்ளத்துக்கு மேல் உட்காருவதை நான் விரும்புவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் சாலையோரம் மில்க்வீட் காய்கள் வெடித்துக் கிடக்கும். நம்மூர் எருக்கின் குடும்பச் செடிதான், பஞ்சும் அதே மாதிரி பறக்கும். இரண்டு காய்களைப் பையில் போட்டுக்கொண்டு, பிளைண்ட் வைக்க நினைக்கும் இடத்தில் நின்று ஒவ்வொரு இழையாக விடுங்கள். முதல் பத்தடி நேராகப் போகும் இழை, மரவரிசையைத் தொட்டதும் சட்டென்று வளைந்து கீழே இறங்குவதைப் பார்ப்பீர்கள். உங்கள் வாடை போகும் பாதை அதுதான். எந்த மணிக்கு வேட்டைக்கு உட்காரப் போகிறீர்களோ அதே மணிக்குச் சோதியுங்கள்.

அப்புறம், கிளைகளை அந்த இடத்திலேயே வெட்டினீர்களா? புதிய வெட்டு வாடையும் சிதறிய மரத்தூளும் அங்கேயே கிடக்கும். தள்ளிப்போய் வெட்டிக்கொண்டு வாருங்கள். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், தடத்தின் குறுக்கே நடக்காதீர்கள், இடுப்பு உயரக் கிளைகளைக் கையால் விலக்கிக்கொண்டே போகாதீர்கள்.

ஆரஞ்சு நிறம் கட்டாயம் என்கிறார்கள். மான் பார்த்துவிடாதா?

பார்க்கும், ஆனால் நாம் பார்ப்பதுபோல் அல்ல. மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கலாகத் தெரியும். நீலம்தான் பளிச்சென்று தெரியும். ஆரஞ்சு சட்டைக்குப் பயந்து நீல ஜீன்ஸில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியைப் பளபளப்பாக்கும் சோப்புத்தூளையும் தவிருங்கள், புற ஊதாவில் அது மின்னும்.

விஸ்கான்சினில் துப்பாக்கி மான் சீசனில், மாநில இயற்கைவளத் துறை நிலத்தில் வைக்கும் தரைப் பிளைண்டில் 144 சதுர அங்குல ஆரஞ்சோ பளிச்சிடும் பிங்க்கோ எல்லாப் பக்கமும் தெரியவேண்டும். சக வேட்டைக்காரர்களுக்கு நீங்கள் உள்ளே இருப்பது தெரியவேண்டும் என்பதற்காக வந்த விதி. இதில் சமரசமே கூடாது. சொந்த நிலத்திலும் நான் கட்டுவேன்.

மானுக்கு உங்களைக் காட்டிக்கொடுப்பது அசைவும் பின்னொளியும்தான். முதுகுப் பக்க ஜன்னல்களை மூடிவையுங்கள். திறந்திருந்தால் உங்கள் உருவம் நிழற்படமாகத் தெரியும்.

காட்டில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராவில் செப்டம்பரில் தினமும் மான். பிளைண்ட் வைத்தபின் அக்டோபரில் ஒன்றுகூட இல்லை. பயந்து போய்விட்டதா?

பிளைண்ட் மீது மட்டும் பழி போடாதீர்கள். அக்டோபரில் ஓக் கொட்டைகள் உதிரும். சோள அறுவடை நடக்கும். மேய்ச்சல் இடம் மாறினால் மானும் மாறும். பக்கத்து ஓக் தோப்பைப் போய்ப் பாருங்கள். கேமரா அட்டையை எடுக்க நீங்கள் எத்தனை முறை போனீர்கள் என்பதையும் யோசியுங்கள். படத்தைக் கைப்பேசிக்கே அனுப்பும் கேமரா, போய்வரும் நடையைக் குறைக்கும்.

மாலை இருட்டியபின் வயலில் பத்துப் பன்னிரண்டு மான் நிற்கிறது. எப்படி வெளியே வருவது?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். கூடாரத்திலிருந்து மனிதன் இறங்கி வருவதை ஒருமுறை பார்த்த மான், மறுநாள் அந்தக் கூடாரத்தைப் பார்த்தே நிற்கும். பண்ணைக்காரரிடமோ நண்பரிடமோ சொல்லிவைத்து வண்டியைக் கிட்டே ஓட்டிவரச் சொல்லுங்கள். மான் வண்டிக்கு ஒதுங்கும், நீங்கள் ஏறிக்கொள்ளலாம். வேட்டை நேரம் முடிந்ததும் துப்பாக்கியில் தோட்டாவை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். வண்டிக்கு வழியில்லை என்றால் அவை நகரும்வரை உள்ளேயே இருங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை.

விடிகாலையில் இதற்கு நேர் எதிர். மான் இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பும் நேரம் அது. வயல் வழியாக நடந்தால் நேராக அதன் நடுவில் போய் நிற்பீர்கள். வயலோரப் பிளைண்டை மாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி எடுக்கலாமா?

எச்1பி போன்ற குடியேற்றமற்ற (தற்காலிக) விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பவருக்கு அதில் விதிவிலக்கும் உண்டு. வாங்கும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். வில்லுக்கு இந்தத் தடை இல்லை, வேட்டை உரிமம் மட்டும் கட்டாயம் வேண்டும்.

பெண் மான் ஒன்று பிளைண்டையே முறைத்துக் காலால் தரையைத் தட்டுகிறது. அப்போது என்ன செய்வது?

எதுவும் செய்யாதீர்கள். அது உங்களைச் சோதிக்கிறது. தலையைச் சட்டென்று குனிந்து, மேய்வதுபோல் நடித்து, உடனே நிமிரும். அந்த நொடியில் நீங்கள் அசைந்தீர்களா என்று பார்க்கத்தான். கண்ணோடு கண் பார்க்காமல் அப்படியே இருங்கள். வால் மெதுவாக ஒருமுறை ஆடி, தலை மறுபடி தாழ்ந்தால் சமாதானமாகிவிட்டது என்று பொருள்.

இந்த நிலைக்கு வராமல் இருக்க முன்வேலை இருக்கிறது. உள்ளே தரையில் உள்ள சருகு, குச்சி எல்லாவற்றையும் வழித்து வெறும் மண்ணாக்குங்கள். கிறீச்சிடாத நாற்காலி வையுங்கள். வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்த ஜன்னலை உட்கார்ந்த உடனேயே திறந்துவிடுங்கள். மான் வந்தபின் அதைப் பிரித்தால் அந்தக் 'கர்ர்ர்' சத்தம் காடு முழுக்கக் கேட்கும். துணி காற்றில் படபடக்காமல் எல்லா மூலைக் கயிறுகளையும் இழுத்துக் கட்டுங்கள். நவம்பர் தொடக்கத்தில் ஒருமுறை நடுப்பகலில் போய்க் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.