யாரைக் கேட்டு உள்ளே போனீர்கள்?

வாசகர் கடிதம்

ஐயா அவர்களுக்கு,

நான் யாழ்ப்பாண நகரத்தில் பிறந்து வளர்ந்தவன். காடு என்றால் ஏ-9 வீதியில் பஸ் ஜன்னலால் பார்த்ததுதான். சென்ற ஆடியில் பள்ளித் தோழர்கள் எட்டுப் பேர் சேர்ந்து முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு காட்டுக்குள் நடந்து பார்ப்பது என்று புறப்பட்டோம். எங்களில் ஒருவன் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். அங்கே வனப் பூங்காக்களில் கூட்டமாக நடப்பது வழக்கம் என்று அவன்தான் ஆசை காட்டினான். [ஊர்ப்பெயர் நீக்கப்பட்டுள்ளது] சந்தியில் ஒரு கடை வாசலில் மோட்டார் சைக்கிள்களை விட்டுவிட்டு, கைபேசி வரைபடத்தை நம்பிப் பழைய வண்டிப்பாதை ஒன்றால் உள்ளே போனோம். தொடக்கத்தில் திணைக்களத்தின் பலகை ஒன்று இருந்தது. எழுத்து மங்கியிருந்ததால் நின்று வாசிக்கவில்லை.

முதலில் பெரும் பாடு. முட்பற்றைகள் கை, முகம் எல்லாம் கீறின. சின்னச் சின்ன மேடுகள் காலைத் தட்டின. மனிதர் கால்படாத காடு இதுதான் என்று பேசிக்கொண்டோம். பாதையை விட்டு விலகிப் போன இடத்தில் கட்டு இடிந்த கிணறு ஒன்றையும் பக்கத்தில் காய்த்து நின்ற தேசி மரத்தையும் கண்டோம். அதற்கு மேலே வற்றிய குளம். குளத்துக்கு அப்பால் பெரிய மரங்கள், கீழே வெறும் சருகு, நல்ல நிழல். அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

வெளியே வந்தபோது பாதை முகப்பில் வயதான ஒருவர் காட்டுக்கத்தியோடு குந்தியிருந்தார். எங்களை விரலால் எண்ணினார். எண்ணி முடித்த பிறகு ஏச்சுத் தொடங்கியது. "யாரைக் கேட்டு உள்ளே போனீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என் தோழன் ஒருவன் பொறுக்க மாட்டாமல், "காடு என்ன உங்கள் சொத்தா?" என்று கேட்டுவிட்டான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் வாக்குவாதம். காடு எல்லோருக்கும் பொதுவானதுதானே? போன பாதையை வரைபடத்தோடு இணையத்தில் போட்டால் மற்றவர்களும் பயன் பெறுவார்கள் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். எனக்கோ திரும்பவும் போக ஆசை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பெயர் வேண்டாம்,
யாழ்ப்பாணம்

பதில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்திலிருந்து ஊர்ப்பெயரை நான்தான் நீக்கினேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விடயம்தான் கடிதத்தில் முக்கியமானது. அந்த ஐயா உங்களை எண்ணினார் என்கிறீர்கள். எட்டுப் பேர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக் கணக்குப் போட்டிருப்பார், அல்லது கடைக்காரர் சொல்லியிருப்பார். பொழுது சாய்கிறது, உள்ளே போன பெடியளைக் காணவில்லை என்று யாரோ பேசியிருக்கிறார்கள். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து பாதை முகப்பில் குந்தியிருக்கிறார். ஒருவர் குறைந்திருந்தால் அந்த மனிதர் இருட்டுக்குள் இறங்கியிருப்பார். ஏச்சு விழுந்ததற்கு வருந்தாதீர்கள். தலை எண்ணிக்கை சரியாக வந்த நிம்மதியில் விழுந்த ஏச்சு அது.

காட்டுக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். தேன் எடுக்கப் போகிறவரும், மாடு தேடிப் போகிறவரும், விறகுக்குப் போகிறவரும் வீட்டிலோ கடைசிக் கடையிலோ எந்தப் பக்கம் என்று ஒரு சொல் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். சிலர் எல்லையில் ஒரு கொப்பை முறித்து மரத்தடியில் வைத்து ஐயனாரிடமும் சொல்லிக்கொள்வார்கள். கனடாவில் உங்கள் தோழர் நடக்கும் பூங்காவில் வாசலும் பலகையும் இருக்கும். வழி தவறினால் தேட ஆள் இருக்கும். யாரைக் கேட்டுப் போகிறாய் என்ற கேள்வியை அங்கே ஒரு நிர்வாகம் முன்கூட்டியே கேட்டு முடித்துவிடுகிறது. இங்கே அதைக் கேட்பதற்கு அந்த ஐயாதான் இருக்கிறார்.

சட்டத்தைக் கேட்டால் விடை சுருக்கம். ஒதுக்குக் காடு என்றால் 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம்; அனுமதி வேண்டும். தேசிய பூங்கா, சரணாலயம் என்றால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 2015இல் தேசிய பூங்காக்கள் ஆக்கப்பட்ட மடு வீதியிலும் சுண்டிக்குளத்திலும் அனுமதி பெற்றுத்தான் போகலாம். இறங்கி இஷ்டத்துக்கு நடக்க முடியாது. நீங்கள் நின்று வாசிக்காத பலகை இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் சொல்லியிருக்கும். எழுத்து மங்கினால் சட்டமும் மங்கிவிடும் என்று எண்ணியிருந்தால், அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், தெளிவாகவே வாசித்துக் காட்டுவார்கள்.

பாதையை விட்டு விலகியதுதான் எனக்குப் பயம் தருகிறது. கட்டுத்துவக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். பன்றி, மான் நடக்கும் ஒற்றையடித் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ தங்கூசி நூலோ கட்டி, பக்கத்து மரத்தோடு ஓர் இரும்புக் குழாய்த் துவக்கைச் சேர்த்து வைத்திருப்பார்கள். பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதருக்கு வெடி முழங்காலிலோ அதற்குக் கீழோ விழும். சட்டவிரோதம்தான், ஆனாலும் கட்டுகிறார்கள். இலைப் பச்சைக்குள் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது, வெயில் ஒரு கோணத்தில் விழுந்தால் மட்டும் ஒரு கணம் மின்னும். தீனுக்குள் வெடிமருந்து வைக்கும் வெங்காயவெடி இன்னொன்று. எந்தப் பக்கத்தில் யார் என்ன வைத்திருப்பார்கள் என்பது ஊரில் தெரிந்தவர்களுக்கு ஓரளவு தெரியும். கைபேசி வரைபடத்துக்கு அது தெரியாது.

மிதிவெடியும் இருக்கிறது. மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. 2002 முதல் வெடிபொருள் அகற்றும் வேலை நடந்து வந்திருக்கிறது. ஏராளமான நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது. அகற்றும் குழுக்களின் வேலை இன்னும் முடியவில்லை. காட்டுக்குள் பழைய மண் அணையையோ பதுங்குகுழியையோ கண்டால் ஏறிப் படம் எடுக்காதீர்கள். வந்த காலடியிலேயே திரும்புங்கள்.

இனி அந்தத் தேசி மரம். உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் தரம் வாசித்தது அதற்காகத்தான்.

மனிதர் கால்படாத காடு என்று நீங்கள் பேசிக்கொண்ட பகுதி, என் கணிப்பில், வயல். காலைத் தட்டிய சின்னச் சின்ன மேடுகள் வரம்புகளாக இருக்கும். உழுது விட்ட நிலம் வெறுமையாகக் கிடந்தால் முதலில் ஏறுவது சூரை, நாயுண்ணி, விடத்தல், காரை. எல்லாம் முள்ளும் பற்றையும். வெயில் தாராளமாக விழும் இடத்தில்தான் அவை அப்படி அடர்ந்து நிற்கும். குளத்துக்கு அப்பால் நீங்கள் இருந்து சாப்பிட்ட இடம்தான் பழைய காடு. பாலையும் வீரையும் மேலே முகடு கட்டி வெயிலை மறித்துவிட்டால் கீழே பற்றை தலையெடுக்காது, சருகுதான் கிடக்கும். கீறிக் கிழித்ததைக் காடு என்றும் நிழல் தந்ததைப் பூங்கா என்றும் எண்ணிவிட்டீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

தேசியை ஒருவர் நட்டிருக்கிறார். கிணற்றடியில் நட்டிருக்கிறார், குளித்த தண்ணீர் வேருக்குப் போகட்டும் என்று. அந்தக் கிணற்றைச் சுற்றி இன்னும் கொஞ்சம் பார்த்திருந்தால் ஒரு புளி, ஒரு மா, துலா நின்ற கப்பின் அடி என்று ஏதாவது அகப்பட்டிருக்கும். குளத்தங்கட்டில், தண்ணீர் திறந்துவிடும் துருசின் கல் இருந்திருக்கும். குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலோரம் வீடு, குளத்துக்கு மேலே காடு. வன்னிக் கிராமத்தின் அமைப்பு இதுதான். நீங்கள் கீழிருந்து மேலாக ஒரு ஊரைக் குறுக்கறுத்து நடந்திருக்கிறீர்கள்.

அந்த ஊர்ச் சனம் எப்போது இடம்பெயர்ந்து எழும்பியது என்று அங்கே போய்க் கேட்காமல் சொல்ல முடியாது. 1984இன் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் ஊரைவிட்டு எழுப்பப்பட்டது. திரும்பி வர முடிந்தது போர் முடிந்த பிறகுதான். கால் நூற்றாண்டு ஆளில்லாமல் கிடந்த வயல் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் நேரில் பார்த்துவிட்டீர்கள். வேறு பல ஊர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் எழும்பின. 2008, 2009இல் வன்னியே எழும்பியது. திரும்பி வந்தவர்களில் பலர் தங்கள் காணி காடாகிக் கிடந்ததையும், அதற்குள் திணைக்களத்தின் எல்லைக்கல் நடப்பட்டிருந்ததையும் கண்டார்கள். காணிப் பெர்மிற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர்.

அப்படிப்பட்ட ஓர் இடத்தில், அந்த வயது மனிதர் ஒருவரைப் பார்த்து, "காடு என்ன உங்கள் சொத்தா?" என்று உங்கள் தோழர் கேட்டிருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது; அந்தக் கிணறு அவருடையது என்று கதை கட்டவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனதை உங்கள் வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊர்ப்பெயரை நீக்கிய காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பாழ்கிணறு, துருசுக் கல், இடிந்த கோயில் என்று படம் வந்தால் அதை முதலில் பார்ப்பது உங்களைப்போல் நடக்க விரும்புகிறவர்கள் அல்லர். புதையல் தோண்டுகிறவர்கள் பார்ப்பார்கள். வன்னியில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கல்லைப் புரட்டி, மரத்தடியைக் கிண்டி, ஒன்றும் கிடைக்காமல் குழியை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து மரம் வெட்டுகிறவர்கள். முதிரையும் பாலையும் நிற்கும் இடத்துக்கு வழி காட்டும் படத்தை இலவசமாகக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? இணையத்தில் போட வேண்டாம் என்று சொல்லும் பாதிப் பேரின் பக்கம் நான் நிற்கிறேன். போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

காடு பொதுவானதா என்ற கேள்விக்கு இவ்வளவும் சேர்த்துத்தான் என் விடை. பொதுவானதுதான். ஒரு பொதுக் கிணற்றில் அள்ளப் போகிறவர் ஏற்கெனவே அங்கே அள்ளிக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் வாளியை இறக்குவதில்லை.

திரும்பப் போக ஆசை என்கிறீர்கள். நல்ல ஆசை, போங்கள். ஆனால் ஆனி, ஆடி வேண்டாம். அது பாலைப்பழக் காலம். மரத்தின் மேலே கரடி இருக்கும், பழத்தில் மயங்கிக் கிடக்கும், கீழே நீங்கள் பேசிக்கொண்டு வருவீர்கள். யானை பெரும்பாலும் விலகிப்போக இடம் கேட்கும். கரடிக்கு அந்தப் பொறுமை கிடையாது, திடுக்கிட்டால் நேரே முகத்தில்தான் பாயும். புற்று ஒன்று புதிதாகக் கிண்டப்பட்டு மண் ஈரமாகக் கிடந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். யானையில் தனியனுக்குத்தான் பயப்பட வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். காற்று முதுகில் பட நடந்தால் உங்கள் வாடை உங்களுக்கு முன்னே போய் அதற்குச் செய்தி சொல்லிவிடும், முகத்தில் பட நடந்தால் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் முட்டிக்கொள்ள நேரும். இதில் எது நல்லது என்பதை அந்தந்த இடத்தில் கூட வருகிறவர்தான் சொல்ல வேண்டும். உண்ணியும் கோடையில்தான் மோசம்.

மாசி, பங்குனி நல்லது. மாரி மழை ஓய்ந்திருக்கும், குளத்தில் தண்ணீர் நிற்கும், பாதையில் சேறு காய்ந்திருக்கும். எட்டுப் பேர் அதிகம். நாலு, ஐந்து பேர் போதும். தண்ணீரை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள், சுமந்துகொண்டு போங்கள். பற்றை மூடிய பாழ்கிணறுகள் இருப்பதால் கையில் ஒரு தடி இருக்கட்டும். கொடி படர்ந்த நிலத்தில் காலை வைப்பதற்கு முன் தடியை வையுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் சிக்னல் உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து 1990க்கு அழையுங்கள்.

அனுமதிக்கு வட்டார வன அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். தந்தாலும் தராவிட்டாலும், அதற்கு முன் அந்தக் கடைக்குப் போங்கள், கேள்வி கேட்ட தோழரையும் கூட்டிக்கொண்டு. ஐயா யார் என்று கடைக்காரர் சொல்வார். அவர் வர ஒப்புக்கொண்டால் நாள்கூலியை முதலிலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர்தானே, வெற்றிலைக்குக் காசு கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் அவர் உங்களோடு வந்தால் அன்றைய வேலை அவருக்குப் போகிறது.

அன்புடன்.